கலாநிதிப் படிப்புக்கான நேர்முகமும் வருகை நாளும்: எப்படி ஆயத்தமாவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். கேட்டவர் கொழும்பில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டுத் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறார். ஊர் யாழ்ப்பாணம், உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம், இப்போது வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் தோழியர் இருவருடன் தங்கியிருக்கிறார். பனங்கொட்டைக் கரியைக் கொண்டு கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்றைக் குறைப்பது இறுதி ஆண்டு ஆய்வு. அமெரிக்காவில் ஆறு இடங்களுக்குக் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்து, இரண்டிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஒன்று ஸூமில் நேர்முகம் என்கிறது. மற்றது பெப்ரவரி கடைசியில் நேரில் வரும்படி அழைக்கிறது. "அக்கா, நேர்முகத்துக்கு என்ன படிக்க வேண்டும்? கடன்பட்டாவது நேரில் போக வேண்டுமா? இரண்டாம் ஆண்டில் பெறுபேறு குறைவு, அதைக் கேட்டால் என்ன சொல்வது?"

என்ன படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. நம் நாட்டில் இதற்குப் பெயரே நேர்முகப் பரீட்சை. மூலப்பிரதிகளைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு போவோம், மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் இருப்பார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம், எழுந்து வருவோம். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் உங்களோடு அரை மணிநேரம் பேச உட்காரும்போது அவர் மனதில் ஓடுவது வேறு கணக்கு. இந்தப் பிள்ளையோடு ஐந்தாறு வருடம் வேலை செய்ய முடியுமா? பரிசோதனை பிழைத்தால் இவள் யோசிப்பாளா, யாராவது வந்து சொல்லும்வரை காத்திருப்பாளா? உங்கள் புள்ளிகளை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். அவை போதாதென்றால் மின்னஞ்சலே வந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் நிதானமாகத் திரும்ப வாசிப்பது. இரண்டும் ஒரே வகை அல்ல என்று நினைக்கிறேன். உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் போன்ற துறைகளில் பெரும்பாலும் நேர்முகம் முதலில், அனுமதி பிறகு; ஜனவரி, பெப்ரவரியில் அழைத்துப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். இரசாயனவியல், பௌதிகவியல், கணினி விஞ்ஞானத் துறைகளில் பல இடங்களில் நடப்பது நேர்மாறு: அனுமதி கிடைத்துவிடும், அதற்குப் பிறகு "வந்து பாருங்கள்" என்று அழைப்பார்கள். அங்கே வலை வீசுவது அவர்கள், மீன் நீங்கள். உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் அனுமதிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது அந்த இரண்டாம் வகை. எது என்று தெளிவில்லாவிட்டால் துறையின் பட்டப்பின் படிப்பு அலுவலருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இனி முதலாவது மின்னஞ்சலுக்கு, அதாவது முடிவைத் தீர்மானிக்கும் நேர்முகத்துக்கு வருகிறேன். நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதிலிருந்து தொடங்குவது சுலபம்.

2011. ஸ்கைப் காலம். நானும் வெள்ளவத்தையில்தான், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தேன். நேர்முகம் எங்கள் நேரம் இரவு பத்து மணிக்கு. இரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் என்பதற்காக யன்னலுக்கும் மேசைக்கும் இடையில் தலையணை வைத்திருந்தேன். அவ்வளவு ஆயத்தம்! பேராசிரியை அன்பானவர். என் ஆய்வைப் பற்றிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிறகு, "இந்த வெப்பநிலையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார். "எங்கள் சேர் சொன்னார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, உங்கள் சேர் ஏன் சொன்னார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதை நான் சேரிடம் கேட்டதே கிடையாது. கேட்கலாம் என்றும் எனக்குத் தோன்றியதில்லை. மிச்சம் பதினைந்து நிமிடமும் மரியாதையாக நடந்து முடிந்தது. அந்த இடம் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இந்தமுறை புதிதாக எதையும் படிக்கவில்லை. என் ஆய்வேட்டை எடுத்து, வரிக்கு வரி, பென்சிலால் பக்க ஓரத்தில் "ஏன்?" என்று எழுதிக்கொண்டு போனேன். ஏன் இந்தச் செறிவு, ஏன் மூன்று மாதிரிகள், ஏன் இந்தக் கருவி. பாதி "ஏன்"களுக்கு மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டேன். சிலவற்றுக்கு அவருக்கும் காரணம் இருக்கவில்லை: அந்தக் கருவிதான் அப்போது பழுதில்லாமல் இருந்தது. அதுவும் ஒரு காரணம்தான், அதை அப்படியே சொல்லலாம்.

உங்கள் ஆய்வில் இதைச் செய்து காட்டுகிறேன். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்றுப் பிரச்சினை நம் எல்லோருக்கும் தெரிந்தது; தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இதுவரை யாரும் சொல்வார்கள். இப்போது இரசாயனம் தெரிந்த ஒருவர் கேட்கப்போகும் முதல் கேள்வி: நைத்திரேற்று மறை ஏற்றமுள்ள அயன், கரியின் மேற்பரப்பும் பொதுவாக மறை ஏற்றமுள்ளது, ஒன்றையொன்று தள்ள வேண்டியவை எப்படி ஒட்டும்? இதற்குப் பதில் இல்லாமல் நேர்முகத்துக்குப் போகாதீர்கள். இரும்பு அல்லது மக்னீசிய உப்பால் கரியைப் பதப்படுத்தியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அது மேற்பரப்பை எப்படி மாற்றியது என்று சொல்லுங்கள். பதப்படுத்தாத கரியில் அகற்றல் குறைவாக இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தோல்வி அல்ல, ஏற்றத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு உங்கள் தரவே கொடுக்கும் விடை.

அடுத்த கேள்வி: ஆய்வுகூடத்தில் வடிநீரில் நைத்திரேற்றைக் கரைத்துச் செய்தீர்களா, உண்மையான கிணற்று நீரிலா? கரையோரக் கிணறுகளில் குளோரைட்டு நிறைய இருக்கும், சல்பேற்றும் இருக்கும். கரியில் நைத்திரேற்று ஒட்டும் அதே இடங்களுக்கு அவையும் போட்டியிடும். அப்போது உங்கள் கரியின் கொள்ளளவு எவ்வளவு விழுந்தது? செய்து பார்க்கவில்லை என்றால், "நான் அதைச் செய்யவில்லை, செய்திருந்தால் முதலில் குளோரைட்டுச் செறிவைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்திருப்பேன், இறங்கும் என்பது என் எதிர்பார்ப்பு, காரணம் இது" என்று சொல்லுங்கள். ஒரே வெப்பநிலையில் செறிவு கூடக்கூடக் கரியில் எவ்வளவு ஒட்டும் என்பதைக் காட்டும் லாங்மியூர் சமவெப்பக் கோட்டுக்குத் தரவு பொருந்தியது என்று எழுதியிருப்பீர்கள். எல்லோரும் எழுதுகிறோம். அந்தப் பொருத்தம் மேற்பரப்பைப் பற்றி எதை எடுத்துக்கொள்கிறது, உங்கள் கரிக்கு அது நியாயமா என்று கேட்டால்? பயன்படுத்திய கரியை என்ன செய்வது, மறுபடி பாவிக்கலாமா என்று கேட்டால்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சரியான பதில் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் வாய்மொழிப் பரீட்சைகளில் தெரியாவிட்டால் தலையைக் குனிந்து நிற்பது மரியாதை. அங்கே அந்த மௌனத்தை யாருக்கும் வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று வாய்திறந்து சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று உடனே யோசிக்கத் தொடங்குவதுதான் அவர்கள் பார்க்க விரும்புவது. சத்தமாக யோசியுங்கள். இடையில், "இல்லை, நான் இப்போது சொன்னது பிழை" என்று திருத்திக்கொண்டாலும் நல்லது, அதில் குறைவொன்றும் இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் கழற்றிவைக்க வேண்டும். நம் ஆய்வேடுகள் முழுக்கச் செயப்பாட்டு வினையில் இருக்கும்: கரி தயாரிக்கப்பட்டது, மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, பெறுபேறுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டன. யார் செய்தது? பேசும்போது "நாங்கள்" வந்துவிடும், அடக்கம் கருதி. கேட்பவருக்கோ அந்த "நாங்கள்" என்பதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பெரும்பாலும் குறைத்தே நினைப்பார். பனங்கொட்டையை உடைத்தது நீங்கள், உலையில் வைத்தது நீங்கள், இரவு எட்டு மணிவரை நின்று நிறமாலைமானியில் அளந்தது நீங்கள். "நான் செய்தேன்" என்று சொல்லிப் பழகுங்கள். மேற்பார்வையாளரின் யோசனை எது, உங்கள் யோசனை எது என்று பிரித்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. முதல் சில தடவை வாய் கூசும். எனக்கும் கூசியது.

பழகுவதற்கு மூன்று பேர் வேண்டும். உங்கள் துறையைத் தெரிந்த ஒருவர், வேறு விஞ்ஞானத் துறையில் உள்ள ஒருவர், பிறகு உங்கள் அம்மா. அம்மாவிடம் தொலைபேசியில் தமிழில் சொல்லுங்கள். தமிழில் படித்து வந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு ஆங்கிலத்தில் திணறியதையே நினைத்துக் குறுகிப்போகிறார்கள். புறத்துறிஞ்சல், தாக்கம், ஒட்சியேற்றம் என்றெல்லாம் படித்த தலைக்கு ஒரு வசதி இருக்கிறது: "ஒட்டுகிறது", "தள்ளுகிறது" என்று உருப்படியான வினைச்சொல்லில் யோசிக்க முடியும். அம்மாவுக்கு விளங்கும்படி தமிழில் சொல்ல முடியாத இடம் எதுவோ, அது உங்களுக்கே விளங்காமல் ஆங்கிலச் சொல்லால் மூடிவைத்த இடம். அதைக் குறித்துக்கொண்டு ஆய்வேட்டுக்குத் திரும்புங்கள். ஒரு நிமிட வடிவம் ஒன்று, ஐந்து நிமிட வடிவம் ஒன்று ஆங்கிலத்தில் வாயில் இருக்க வேண்டும். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர்கள் நடுவில் ஒரு கேள்வி வந்தால் தடம்புரண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், அது போதும்.

உங்களோடு பேசப்போகும் பேராசிரியர்களின் பெயர்கள் முன்கூட்டியே வந்தால், ஒவ்வொருவரினதும் அண்மைய கட்டுரை ஒன்றை மட்டும் எடுத்து அதில் ஒரே ஒரு வரைபடத்தை ஆழமாகப் பாருங்கள். பத்துக் கட்டுரைகளின் சுருக்கத்தை மேய்வதைவிட இது பலன் தரும். "உங்கள் ஆய்வு மிகவும் அருமை" என்ற பாராட்டை அவர்கள் அன்று மட்டும் ஆறுபேரிடம் கேட்டிருப்பார்கள். "அந்த மூன்றாவது வரைபடத்தில் குறைந்த செறிவில் கோடு வளைகிறதே, அது அளவீட்டு எல்லையா, உண்மையான விளைவா?" என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். நேர்முகத்தின் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். "இல்லை சேர், நன்றி" என்பது நம் நாட்டில் பணிவு. அங்கே அதற்கு அக்கறை இல்லை என்று பொருள்.

சேர் என்றதும் நினைவுக்கு வருகிறது. "பேராசிரியர்" என்ற பட்டத்தோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழையுங்கள். முதல் பெயரால் அழைக்கச் சொன்னால் அப்படியே அழையுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் சேர் வேண்டாம். உங்கள் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கும். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டிருப்பீர்கள், அவர்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி உங்களை வரவேற்பார்கள். என்னை ஒருவர் அரை மணிநேரம் அப்பாவின் பெயரால் அழைத்தார், நானும் திருத்தாமல் அப்பாவாகவே இருந்துவிட்டு வந்தேன். ஸூம் திரையில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு, தொடக்கத்திலேயே "இப்படி அழையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

நேரக் கணக்கில் கவனம். இலங்கை நேரத்தில் அந்த அரை மணிதான் ஆளை விழுத்துவது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிட வித்தியாசம்: அங்கே காலை 9 என்றால் இங்கே அன்றிரவு 7.30. மேற்குக் கரையில் காலை 9 என்றால் இங்கே இரவு 10.30. அங்கே பிற்பகல் 1 மணி என்று போட்டால் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, தேதியே மாறிவிடுகிறது. மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் காலை 9 என்றால் இங்கே மாலை 6.30. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பெப்ரவரியில் ஒரு நேர்முகத்தைச் சரியாகச் செய்துவிட்டு, மார்ச் நடுப்பகுதியில் இரண்டாவதற்கு அதே கணக்கில் போய் உட்கார்ந்தான். ஒரு மணிநேரம் பிந்திவிட்டது. மன்னித்து வேறு நேரம் கொடுத்தார்கள், ஆனால் அவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நேரத்தை உறுதிசெய்து எழுதும்போது இரண்டு ஊர் நேரத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள், பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள். நான்கைந்து பேராசிரியர்களோடு தொடர்ச்சியாகப் பேச வைத்தால் உங்களுக்கு நள்ளிரவு தாண்டும். முடிந்தால் காலை நேரம் தரும்படி முன்பே கேளுங்கள். அன்று மத்தியானம் தூங்குங்கள். இரவு சோற்றை நிறையப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டு இணைப்பு விழுந்தால் கைப்பேசித் தரவுக்கு மாறும்படி முன்பே இணைத்துப் பாருங்கள், ரவுட்டருக்குச் சிறிய மின்கல வசதி இருந்தால் நல்லது. அறைத் தோழியரிடம் சொல்லிவையுங்கள். இங்கிலாந்து நேர்முகங்கள் நமக்குப் பின்னேரத்தில் வரும், அப்போது பாண்காரரின் முச்சக்கர வண்டி அதே மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். வந்தால் சிரித்துவிட்டு, "இது எங்கள் ஊர் நடமாடும் பேக்கரி" என்று சொல்லுங்கள். அது பிழையான தொடக்கமாக இருக்காது. அனெக்ஸில் சத்தம் தாங்காது என்றால் துறைத் தலைவரிடம் கேட்டுப் பீடத்தில் ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இரவு பத்தரைக்கு யார் திறந்துவைப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். உடைக்கு ஒரு துப்புரவான மேற்சட்டை போதும், சேலையும் வேண்டாம் கோட்டும் வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. கடன்பட்டுப் போக வேண்டாம். வருகை நாட்களுக்கு அமெரிக்காவுக்குள் இருக்கும் விண்ணப்பதாரிகளின் பயணச் செலவைத் துறைகள் பெரும்பாலும் ஏற்கும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வரையறைக்குள் கொடுப்பார்கள், அல்லது இணையவழி நிகழ்ச்சியை வைப்பார்கள். அதுவும் முதலில் நீங்கள் செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டித் திரும்பப் பெறும் முறை. வருகையாளர் விசாவுக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் திரும்பாது, பெப்ரவரி கடைசிக்குள் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கொழும்பிலிருந்து நேரடி விமானமும் இல்லை, டோகாவிலோ துபாயிலோ மாறி ஒரு நாள் முழுக்கப் பயணம். எனவே அலுவலருக்கு, "விசாக் காரணங்களால் வர இயலாது, இணையவழியில் பேராசிரியர்களையும் மாணவர்களையும் சந்திக்க ஒழுங்குசெய்ய முடியுமா?" என்று எழுதுங்கள். இலங்கையிலிருந்து ஒருவர் வரவில்லை என்பதற்காக யாரும் அனுமதியைத் திரும்ப எடுத்ததாக நான் அறியேன். அவர்களே முழுச் செலவையும் முன்கூட்டிக் கட்டி, விசாவும் கைக்கு வந்தால் போய்வாருங்கள். குளிருக்கு, ஏற்றுமதி ஆடைகளில் மிச்சமானவற்றை விற்கும் கடைகளில் நல்ல ஜக்கெட் கிடைக்கும். உணவுப் படிவத்தில் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று எழுத வெட்கப்பட வேண்டாம்.

நேரில் போனாலும் திரையில் பார்த்தாலும், வருகையில் உண்மையான விஷயம் நடப்பது பேராசிரியர்களோடு அல்ல, மாணவர்களோடு. இதை நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். கலாநிதிப் படிப்புக் காலத்தில் ஐந்து வருடமும் வருகையாளர்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போகும் குழுவில் நானும் இருந்தேன். வெளியே -15 பாகை, உள்ளே ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை, நீள மேசை. ஒருமுறை ஒரு பையன் பகல் முழுக்கப் பேராசிரியர்களிடம் மிக நன்றாகப் பேசியிருந்தான். எங்களோடு உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்தான். தட்டு வந்தபோதுதான் நிமிர்ந்தான். அடுத்த வாரம் தெரிவுக் குழு எங்களிடம் ஒவ்வொருவர் பற்றியும் ஒரு வரி கேட்டது. அவனைப் பற்றி எழுத எங்களிடம் ஒரு வரி இருக்கவில்லை. அதே மேசையில் வேறொரு வருடம் ஒரு பெண், தண்ணீரை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "இந்த ஆய்வுகூடத்தை விட்டு இடையில் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா? இப்போது எங்கே இருக்கிறார்கள்?" நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் பதில் சொல்வதற்கு முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் எங்கள் துறைக்கே வந்தாள், ஆனால் வேறு ஆய்வுகூடத்துக்கு.

நீங்களும் அப்படிக் கேட்க வேண்டும். மேற்பார்வையாளர் வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பாரா, மாதத்துக்கு ஒருமுறையா? கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதலிடம் யாருக்குப் போகும் என்பதை எப்போது பேசுவார்கள்? சராசரியாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? கலாநிதி ஆய்வைத் தொடர விடலாமா என்று பார்க்கும் தகுதிகாண் பரீட்சை எந்த வருடம், தவறினால் மறுபடி எழுதலாமா? இவற்றைப் பேராசிரியரிடமும் கேளுங்கள், மாணவரிடமும் தனியாகக் கேளுங்கள், இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காசு பற்றிப் பேச நமக்குக் கூச்சம். கொடுப்பனவு 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்பது மிக முக்கியமான கேள்வி. கோடையில் சம்பளம் இல்லை என்றால் வெளியே போய் வேலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள், மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே நினைத்தபடி வேலை செய்ய முடியாது. வளாகத்துக்குள்ளேயும் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம்தான். கற்பித்தல் கட்டணம் தள்ளுபடி என்றாலும் வேறு கட்டணங்கள் தனியாக வரும், அவை எவ்வளவு? மருத்துவக் காப்புறுதி உள்ளடங்குமா? வாடகை கொடுத்த பிறகு மாணவர் கையில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கடைசிக் கேள்வியைச் சக மாணவரிடம் கேட்டால் ரூபாய் சதம் சுத்தமாகச் சொல்வார்கள். 2025இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி வெட்டுகளால் சில இடங்களில் புதிய மாணவர்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். ஆகவே, "உங்கள் மானியம் எப்போது முடிகிறது, அதன் பிறகு என் நிதி எங்கிருந்து வரும்?" என்று பேராசிரியரிடம் நேராகக் கேட்பது இப்போது கட்டாயம். நேர்மையானவர் நேராகப் பதில் சொல்வார்.

இரண்டு இடமும் கிடைத்தால், முதலில் பதில் தந்தவர் அவசரப்படுத்தினாலும் ஏப்ரல் 15 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அமெரிக்கப் பட்டப்பின் படிப்புக் கல்லூரிகளின் மன்றம் வகுத்த இணக்கப்பாட்டில் ஒப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கூடிய இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் தரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. உங்களை எடுத்த பல்கலைக்கழகம் ஒப்பமிட்டவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த மன்றத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். அதே நேரம், போகமாட்டேன் என்று தெரிந்துவிட்ட இடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் இன்னொருவரின் பிள்ளை இருக்கும்.

அமெரிக்க அரசின் புல்பிரைட், பிரித்தானிய அரசின் செவ்னிங் ஆகிய புலமைப்பரிசில்கள் பற்றியும் சிலர் கேட்பதால் ஒரு சொல். அவற்றுக்கான நேர்முகம் வேறு இனம், பெரும்பாலும் முதுமாணிப் படிப்புக்கு, இங்கே கொழும்பிலேயே குழு முன்பாக நடக்கும். அங்கே "ஏன் திரும்பி வருவீர்கள், வந்து என்ன செய்வீர்கள்?" என்பது உண்மையான கேள்வி. செவ்னிங்கில் படிப்பு முடிந்து இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். புல்பிரைட்டில் போகும் விசாவுக்கும் இரண்டு வருட நிபந்தனை உண்டு. அமெரிக்கக் கலாநிதிப் படிப்பு நேர்முகத்தில் அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு போய் நாட்டுக்குச் சேவை என்று பத்து நிமிடம் பேசாதீர்கள். அங்கே கரியைப் பற்றிப் பேசுங்கள்.

கடைசியாக இரண்டாம் ஆண்டுப் பெறுபேறு. கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம். கேட்டால், உண்மையைக் கணக்காகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன ஆண்டு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு, எரிபொருள் இல்லை, விரிவுரைகள் இணையத்துக்குப் போயின, இணையத்துக்கு மின்சாரம் இல்லை. இங்கே இருந்தவர்களுக்கு இது பழங்கதை. மிச்சிகனில் இருக்கும் ஒருவருக்கு இது ஒன்றும் தெரியாது. ஆகவே இரண்டே வரி: "என் இரண்டாம் ஆண்டில் நாட்டில் பொருளாதார நெருக்கடி, நீண்ட மின்வெட்டு, அந்த வருடம் நான் பின்தங்கினேன். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பெறுபேறுகளைப் பாருங்கள், முக்கியமாகப் பகுப்பாய்வு இரசாயனப் பாடங்களை." அவ்வளவுதான். வரிசையில் நின்ற கதை, அப்பாவின் மோட்டார் சைக்கிள் கதை எல்லாம் வேண்டாம், கேட்டாலொழிய. குரலில் மன்னிப்பும் வேண்டாம். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அடுத்த கேள்வியை அவர் கேட்கட்டும்.

அந்த இரண்டு வரியையும் இன்றிரவே ஆங்கிலத்தில் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தோழியர் தூங்கிய பிறகு.